பங்களாதேஷ் உடுப்பை விற்பதை நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் பல வருடங்களாகச் சிறிய புடவைக் கடை ஒன்றை நடத்துகிறேன். புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்துவந்து விற்கிறேன். அதிகம் போவது பங்களாதேஷ், சீன, இந்திய உடுப்புகள்தான். விலை குறைவு என்பதால் சனம் அதைத்தான் கேட்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள், பங்களாதேஷில் இடிந்து விழுந்த ஆடைத் தொழிற்சாலையைப் பற்றி அறிந்த நாளிலிருந்து எங்கள் கடை உடுப்பை உடுத்த மாட்டேன் என்கிறாள். "அந்தப் பெண்களின் வயிற்றில் அடித்துத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். அதை நிறுத்திவிட்டு மருதமுனைக் கைத்தறியை மட்டும் விற்போம்" என்பது அவள் பேச்சு. "நாங்கள் வாங்காவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சம்பளமும் இல்லை" என்பது என் கணவரின் பதில். கட்டுநாயக்காவில் சில வருடங்கள் தைத்துவிட்டு வந்த என் தங்கை ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள். கடையில் உதவிக்கு நிற்கும் இரண்டு பிள்ளைகளும் மகளின் பக்கம். நான் செய்வது பாவமா? யார் சொல்வது சரி?
(ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் கோபம் நியாயமானது. ஆனால் அவள் காட்டும் வழியோடு எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைக் காட்டியே அவர் பேச்சை முடித்துவிடப் பார்க்கிறார். உங்கள் வீட்டில் இந்தத் தொழிலை உள்ளே இருந்து பார்த்தவர் உங்கள் தங்கை ஒருவர்தான். அவரிடம் யாரும் கருத்துக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. என் பதில் அங்கேதான் தொடங்குகிறது. தைக்கிற பெண் என்ன கேட்கிறாள் என்று அறியாமல் அவளுக்காக நாங்கள் எடுக்கும் முடிவு, எவ்வளவு நல்ல மனதோடு எடுத்தாலும், போய் அவளையே தாக்கக்கூடும்.

மகளை உலுக்கிய சம்பவத்தை முதலில் பார்ப்போம். 2013 ஏப்ரல் 24ஆம் திகதி காலை, டாக்காவுக்கு அருகே சாவார் என்ற இடத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். காயப்பட்டவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானோர் பெண்கள். ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போகும் உடுப்புகளைத் தைத்த ஐந்து தொழிற்சாலைகள் அங்கே இருந்தன. மேல்மாடிகள் அனுமதியில்லாமல் எழுப்பப்பட்டவை. முதல் நாளே சுவரிலும் தூணிலும் வெடிப்புகள் தெரிந்தன. கீழ்த்தளத்தில் இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வெளியேற்றிவிட்டது, கடைகளும் மூடின. தையல் பெண்கள் மட்டும் மறுநாள் காலை உள்ளே அழைக்கப்பட்டார்கள். வராவிட்டால் அந்த மாதச் சம்பளம் கிடையாது என்று மிரட்டப்பட்டார்கள்.

வங்கி ஊழியரும் தையல் பெண்ணும் கண்டது ஒரே வெடிப்பைத்தான். ஒருவரால் வெளியேற முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. அந்த ஐந்து தொழிற்சாலைகளில் ஒன்றில்கூடத் தொழிற்சங்கம் இருக்கவில்லை. குறைந்த சம்பளம் என்றதும் நாங்கள் தொகையைப் பார்க்கிறோம், அதை எங்கள் ரூபாயாக மாற்றிப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம். அதைவிடக் கொடியது, ஒரு மாதச் சம்பளம் தவறினால் வாடகையும் அரிசியும் இல்லை என்ற நிலையில் இருப்பவளால் எதையும் மறுக்க முடியாமல் போவது. தொழிலாளி மறுத்துப் பேசிவிட்டு நாளைக்கும் அதே வேலைக்கு வரலாம் என்ற உறுதியைக் கொடுக்கத்தான் தொழில் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தொழில் நியாய சபையில் பெண்களுக்காகப் பேசிப் பேசி எனக்குள் ஊறிப்போன எண்ணம் இது. வெளிநாட்டு உடுப்பைப் பற்றி நீங்கள் கேட்டாலும் நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன்.

வாங்காமல் விட்டால் அந்தப் பெண்ணுக்கு மறுக்கும் பலம் வருமா? நடந்த கதை ஒன்று இருக்கிறது. 1992இல் அமெரிக்க செனட்டர் டொம் ஹார்கின், சிறுவர்களை வேலைக்கு வைத்துச் செய்த பொருட்களை இறக்குமதி செய்யக்கூடாது என்று ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். சட்டமூலம் நிறைவேறவேயில்லை. ஆனால் அமெரிக்கச் சந்தை கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சிய பங்களாதேஷ் முதலாளிகள் ஏறத்தாழ 50,000 பிள்ளைகளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர்கள் பாடசாலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். பலர் கல்லுடைக்கவும் தெருவில் பொருள் விற்கவும் போனார்கள், பாலியல் தொழிலுக்குள் தள்ளப்பட்ட பிள்ளைகளும் உண்டு என்று 1997ஆம் ஆண்டு அறிக்கையில் யுனிசெப் எழுதியது. தைத்த வேலையைவிட ஆபத்தான, அதைவிடக் குறைந்த கூலிக்கான வேலைகள் அவை. 1995இல் பங்களாதேஷ் ஆடை உற்பத்தியாளர் சங்கமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் யுனிசெப்பும் ஓர் உடன்படிக்கை செய்தன. அதற்குப் பிறகுதான், வேலையிலிருந்து எடுக்கப்படும் பிள்ளைக்குப் படிப்பும் ஒரு சிறிய உதவித்தொகையும் என்ற ஏற்பாடு வந்தது. ஹார்கினின் நோக்கத்தில் நான் குறை காணவில்லை. மெசினை விட்டு எழுப்பப்படும் பிள்ளை அடுத்த நாள் எங்கே போகும் என்ற கேள்விதான் அங்கே விடுபட்டது.

எங்கள் நாட்டிலேயே இதற்கு அண்மையான அனுபவம் உண்டு. 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் ஏற்றுமதிக்குக் கொடுத்திருந்த ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை இலங்கையிடமிருந்து எடுத்துக்கொண்டது, 2017 மே மாதத்தில் திரும்பக் கொடுத்தது. அரசு தான் ஏற்றுக்கொண்ட மனித உரிமை உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தவில்லை என்பது காரணம். அது பொய்யான காரணம் என்று கிழக்கு மாகாணத்தில் இருந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் இப்படியான தண்டனையில் ஓடர் குறைந்தால் முதலில் அதை உணர்பவள் மெசினுக்கு முன்னால் இருக்கும் பெண்தான். வாகரையிலிருந்தும் கிரானிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் போடிங்கில் தங்கித் தைக்கப் போன எங்கள் பிள்ளைகளும் அதில் அடக்கம். குற்றத்தில் அவர்களுக்குப் பங்கே இல்லை.

இதுவரை வாசித்துவிட்டு உங்கள் கணவர் தன் பக்கம் தீர்ப்பு வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அவருக்கு ஒரு கேள்வி. மாரி வெள்ளத்தில் தரைவழி மூழ்கிவிட்டது. காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டூர்த் துறையில் ஒரு தாய் நிற்கிறாள். குருமண்வெளிக் கரைக்கு வந்தால்தான் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். பாதை என்கிற மிதவைப் படகு ஓடவில்லை. ஒரு தோணிக்காரன் மட்டும் இருபது மடங்கு கூலி கேட்கிறான். அவள் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறாள், பிள்ளை பிழைத்துக்கொள்கிறது. தோணிக்காரன் அங்கே நிற்காவிட்டால் அவள் நிலை இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்பது முழு உண்மை. அதற்காக அவன் வாங்கிய கூலி நியாயமானது என்று உங்கள் ஊரில் யாராவது சொல்வார்களா? "இதுவும் இல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றும் இல்லை" என்ற வாதம் அந்த வேலை இருக்க வேண்டும் என்பதற்குத்தான் பொருந்தும். அந்தச் சம்பளம் அவ்வளவாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு ஆதாரமும் இல்லை.

சம்பளம் கூடினால் தொழில் அழிந்துவிடும் என்று முதலாளிகள் எப்போதும் சொல்வார்கள். பங்களாதேஷில் நடந்ததைப் பாருங்கள். புதிதாகச் சேரும் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2010இல் 3,000 டகா (பங்களாதேஷ் நாணயம்). ராணா பிளாசா இடிந்த ஆண்டின் கடைசியில் அது 5,300 ஆனது. 2018 டிசம்பரில் 8,000, 2023 டிசம்பரில் 12,500. ஒவ்வொரு உயர்வுக்கு முன்னாலும் தொழிலாளர் வீதியில் இறங்க வேண்டியிருந்தது. 2023இல் அவர்கள் கேட்டது 23,000. அந்த ஆர்ப்பாட்டங்களில் உயிர்களும் போயின. கடைசியில் கிடைத்த 12,500 அப்போதைய மதிப்பில் 113 அமெரிக்க டொலர் அளவுதான். பதின்மூன்று ஆண்டுகளில் தொகை நான்கு மடங்காகியும் தொழிற்சாலைகள் நாட்டை விட்டு ஓடிவிடவில்லை, ஏற்றுமதி வளர்ந்தது. விலைவாசியும் கூடவே ஏறியதால் பெண்களின் கையில் மிஞ்சியது குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் கூலி உடுப்பின் விலையில் எவ்வளவு என்று பார்த்தால் மனம் பொறுக்காது. ஒக்ஸ்பாம் அவுஸ்திரேலியா என்ற தொண்டு நிறுவனம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த நாட்டில் விற்கப்படும் உடுப்பின் சில்லறை விலையில் தைத்த தொழிலாளியின் சம்பளமாகப் போவது சராசரியாக 4 சதவீதம். பங்களாதேஷில் தைத்ததானால் 2 சதவீதம். அதாவது அவள் சம்பளத்தை இரட்டிப்பாக்கி அந்தச் செலவு முழுவதையும் வாங்குபவரின் தலையில் போட்டால்கூட விலை நூற்றுக்கு இரண்டுதான் ஏறும். உங்கள் கடைக்கு வரும் சரக்கின் கணக்கு வேறாக இருக்கும், அவுஸ்திரேலியாவில் கடை வாடகையும் விளம்பரச் செலவும் மிகப் பெரிது. ஆனாலும் குறைந்த கூலிக்குக் காரணம் ஏழை வாங்குபவர்தான் என்று அவர்கள்மீது பழியைப் போடுவது தவறு என்பது இதிலிருந்து தெளிவாகிறது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் பங்களாதேஷில் 300 கோடி டொலருக்கு மேலான ஓடர்களை நிறுத்தின, சில தைத்து முடித்த சரக்குக்கே பணம் தர மறுத்தன. அந்த முடிவு எடுக்கப்பட்ட மேசையில் நீங்களும் இல்லை, உங்கள் வாடிக்கையாளரும் இல்லை, தைத்த பெண்ணும் இல்லை.

ஆகவே உங்கள் முக்கியமான கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். பங்களாதேஷ் உடுப்பை வாங்கி விற்பதால் நீங்கள் பாவம் செய்யவில்லை. புறக்கோட்டையில் நீங்கள் எடுக்கும் சில பொதிகளை நிறுத்தினால் டாக்காவில் ஒருவர் சம்பளமும் ஏறப்போவதில்லை, ஒரு வெடித்த சுவரும் திருத்தப்படப்போவதில்லை. இழப்பு உங்கள் குடும்பத்துக்கும், படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து மூன்று பிள்ளைகளுக்கும் தீபாவளிக்கு உடுப்பு எடுக்கும் கூலிக்காரத் தாய்க்கும்தான். அந்தத் தாயைக் குற்ற உணர்வோடு கடையிலிருந்து அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் மகளுக்கும் இல்லை.

ஆனால் வாங்குகிறவர்களால் எதுவுமே ஆகாது என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள், அது உண்மையல்ல. ராணா பிளாசாவுக்குப் பிறகு, 2013 மே மாதத்தில், தீ மற்றும் கட்டடப் பாதுகாப்புக்கான உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது. ஒரு பக்கம் தொழிற்சங்கங்கள், மறுபக்கம் உடுப்பு வாங்கும் நிறுவனங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. அது வெறும் வாக்குறுதி அல்ல, மீறினால் சட்டப்படி கேள்வி கேட்கக்கூடிய ஒப்பந்தம். ஏறத்தாழ 1,600 தொழிற்சாலைகள் முதலாளியைச் சாராத பொறியியலாளர்களால் சோதிக்கப்பட்டன, அறிக்கைகள் எல்லோரும் பார்க்க வெளியிடப்பட்டன. எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு, அதற்காகச் சம்பளத்தை வெட்ட முடியாது என்று அதில் எழுதப்பட்டது. ஏப்ரல் 24 காலையில் அந்தப் பெண்களுக்கு இல்லாமல் போனது இதுதான். இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் காயப்பட்டவர்களுக்கும் நட்டஈடு கொடுக்க 3 கோடி டொலர் நிதியும் 2015 ஜூன் மாதத்தில் நிறைவானது. வெளிநாடுகளில் வாங்குகிறவர்கள் கடைகளுக்கு முன்னால் நின்றார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள், பெயர் சொல்லிக் கேட்டார்கள். பங்களாதேஷ் உடுப்பே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அங்கிருந்த தொழிற்சங்கங்கள் எதைக் கேட்டனவோ அதையே இவர்களும் கேட்டார்கள். அதனால்தான் அது பலித்தது.

ஒரு சான்றிதழ் முத்திரையைத் தேடிப்பிடித்து நிம்மதி அடையலாம் என்று மகள் சொன்னால், கராச்சியில் நடந்ததைச் சொல்லுங்கள். 2012 செப்டம்பர் 11ஆம் திகதி அங்கே அலி என்டர்பிரைசஸ் என்ற தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி அடித்திருந்தது, கதவுகள் பூட்டியிருந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற, தொழிலாளர் நலனுக்கான சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. முதலாளி பணம் கொடுத்து வரவழைக்கும் பரிசோதகரைவிட, உள்ளே வேலை செய்யும் பெண்களின் சங்கம் கதவு பூட்டியிருக்கிறதா என்பதை நன்றாக அறியும்.

வாங்காமல் விடுவது சரியாக அமையும் சந்தர்ப்பமும் உண்டு. உஸ்பெகிஸ்தானில் அரசே மாணவர்களையும் ஆசிரியர்களையும் வைத்தியர்களையும் பருத்தி பறிக்கக் கட்டாயமாக அனுப்பிவந்தது. அந்த நாட்டின் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களே, எங்கள் பருத்தியை வாங்காதீர்கள் என்று உலகத்தைக் கேட்டார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வாங்குவதில்லை என்று உறுதியளித்தன. 2021 அறுவடையில் அரசு நடத்திய கட்டாய வேலை ஒழிந்தது உறுதியான பின்னர், 2022 மார்ச்சில் அந்த அழைப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. இதற்கும் பங்களாதேஷுக்கும் இரண்டு வேறுபாடுகள். அங்கே நடந்தது கட்டாய வேலை, அந்த வேலை இல்லாமல் போனால் பறிப்பவருக்கு இழப்பில்லை. இரண்டாவது, அழைப்பு உள்ளே இருந்து வந்தது. அப்படி ஓர் அழைப்பு பங்களாதேஷ் தையல் பெண்களிடமிருந்து வரும் நாளில், நட்டப்பட்டாலும் நிறுத்துங்கள் என்றே உங்களுக்கு எழுதுவேன்.

இப்போது உங்கள் தங்கை. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது 1978இல். அங்கே தைத்த உடுப்பை லண்டனிலோ பாரிஸிலோ எடுத்துப் பார்த்து, இலங்கையில் தைத்தது என்ற லேபலை வாசித்து, உங்கள் மகளைப் போன்ற ஒருத்தி இதே கேள்வியைக் கேட்டிருப்பாள். அவளுக்கு உங்கள் தங்கை என்ன பதில் சொல்லியிருப்பார்? உட்கார வைத்துக் கேளுங்கள், மகளும் பக்கத்தில் இருக்கட்டும். என்னிடம் வருகிற பெண்கள் பேசுவது டார்கெட்டைப் பற்றி, கழிவறைக்குப் போக எழுந்தால் சுப்பவைசர் பார்க்கும் பார்வையைப் பற்றி, ஒரு நாள் வராவிட்டால் முழுதாக வெட்டப்படும் வருகைக் கொடுப்பனவைப் பற்றி, போடிங் வாடகையைப் பற்றி. எங்கள் உடுப்பை யாரும் வாங்கக்கூடாது என்று அவர்களில் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

அவர்கள் ஒன்றுசேர்ந்து நின்றதன் விலையும் எங்களுக்குத் தெரியும். 2011 மே மாதத்தில், தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் தங்கள் சேமலாப நிதியில் கைவைக்கும் என்று வலயத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். மே 30ஆம் திகதி பொலிசார் சுட்டதில் காயப்பட்ட ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி இறந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. இன்று களுவாஞ்சிகுடியில் ஒரு பெண் வேலையை விட்டு வந்து சேமலாப நிதியை எடுத்து வீட்டுக்குக் கூரை போடுகிறாள் என்றால், அந்தப் போராட்டத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது. இதை மகளுக்குச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் இருக்கிற பிள்ளை அவள், தொழிற்சங்க உரிமையைப் பற்றிப் பேசவும் எழுதவும் கேட்கவும் அவளுக்கு நேரமும் இடமும் உண்டு. கடை உடுப்பை உடுத்தாமல் விடுவதைவிட அது பெரிய வேலை.

கைத்தறியைப் பற்றி. பெரியநீலாவணையைத் தாண்டினால் மருதமுனை, உங்களுக்குப் பக்கம்தான். அங்கே நெய்யும் சாரத்தையும் சேலையையும் கடையில் வையுங்கள், நானும் வந்து வாங்குகிறேன். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு நாடு முழுவதும் கைத்தறி நொடிந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து மருதமுனையில் எத்தனையோ வீடுகளையும் தறிகளையும் கொண்டுபோனது. அத்தனைக்குப் பிறகும் அங்கே தறிச்சத்தம் கேட்கிறது. ஆனால் உள்ளூரில் நெய்தது என்பதாலேயே நெய்தவருக்கு நியாயமான கூலி போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தறியில் இருப்பவருக்கு ஒரு சேலைக்கு எவ்வளவு? வீட்டில் இருந்து தறிக்கு நூலைத் தார் சுற்றும் பெண்ணுக்கு எவ்வளவு? பங்களாதேஷைப் பற்றிக் கேட்கும் இதே கேள்வியை மருதமுனையில் கேட்டால் முகத்துக்கு நேரே பதில் கிடைக்கும், அங்கே நீங்கள் பெரிய வாடிக்கையாளரும்கூட. சரக்கைக் கடனுக்கு எடுத்துவிட்டு மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும், கடைசி நேரத்தில் விலையைக் குறைக்கச் சொல்வதும், வெளிநாட்டு நிறுவனங்கள் டாக்காவில் செய்வதன் சிறிய உருவம்தான். எடுத்த அன்றே பணம் கொடுக்கும் கடைக்காரராக இருங்கள். அதில் உங்களுக்கு முழு அதிகாரம் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. உதவிக்கு நிற்கும் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு என்ன சம்பளம் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் பகுதியில் புடவைக் கடைப் பிள்ளைகளை வீட்டுப் பிள்ளைகளைப் போல் வைத்திருக்கிறோம் என்று சொல்வார்கள். சாப்பாடு கொடுப்பார்கள், தீபாவளிக்குப் புது உடுப்பும் கொடுப்பார்கள், சேமலாப நிதி மட்டும் கட்ட மாட்டார்கள். நீங்கள் அப்படியானவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டாக்காவைப் பற்றி மனம் வருந்துகிறவர் முதலில் சரிபார்க்க வேண்டிய கணக்கு இதுதான், ஏனென்றால் அந்த இருவரின் சம்பளத்தை முடிவு செய்பவர் நீங்கள்.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன். தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாய், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். கடைக்கும் அது பொருந்தும். ஒரே ஒருவர் வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதியில் பதிய வேண்டும். சம்பளத்தில் 8 சதவீதம் அவருடைய பங்கு, 12 சதவீதம் உங்களுடையது. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம், அதை அவர் சம்பளத்திலிருந்து கழிக்கக்கூடாது. சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்டிவிட வேண்டும், தவறினால் மேலதிகக் கட்டணம் ஏறும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. பண்டிகை நாட்களில் இரவு வரை கடையைத் திறந்து வைத்திருந்தால் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். பதியாமல் இருந்தால் யாரும் முறையிடும்வரை காத்திருக்காமல் நீங்களே மட்டக்களப்பில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய், அவர்கள் சேர்ந்த நாளிலிருந்து பதிவு செய்யுங்கள்.

இது உங்கள் இலாபத்தில் கைவைக்கும், தெரியும். இரண்டு பேருக்கும் முழுச் சம்பளம் கொடுத்து நிதியும் கட்டினால் கடை தாங்குமா என்ற பயம் வரும். விற்பனைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கணவரோடும் மகளோடும் இருந்து பாருங்கள். உடுப்பொன்றுக்கு முப்பது நாற்பது ரூபாய் கூட்டினால் சமாளிக்கலாம் என்றால் கூட்டுங்கள், கேட்கிற வாடிக்கையாளரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். மாதாமாதம் அந்த இருவருக்கும் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுங்கள். அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரம், கழிவு, நீங்கள் கட்டிய நிதி எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கட்டும். கணக்கில் பிழை கண்டால் பயமில்லாமல் உங்களிடமே கேட்கலாம் என்று அவர்களுக்கு முதல் மாதமே சொல்லிவிடுங்கள்.